கன்னடியன் கரை வழியே மேற்கே

ஆடி பிறந்து முதல் சனிக்கிழமை. விடியக்காலை நாலரைக்கு பாளையங்கோட்டை வீட்டு நடையிலிருந்து சைக்கிளை இறக்கினேன். அம்மா வாசல் லைட்டைப் போட்டுவிட்டு நின்றாள். "மேகாத்து ஆளையே தூக்கிட்டுப் போயிரும் ட்டி. விடிஞ்ச பெறவு போயேன்" என்றாள். காற்று எழும்புவதற்கு முன்னால் சேரன்மாதேவியைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. ஆடியில் காலை ஏழரை எட்டு வரைக்கும் மேல்காற்று ஓரளவு அடங்கிக் கிடக்கும். அதற்குப் பிறகு மேற்கே பார்த்து மிதிக்கிறவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டராகிவிடும்.

மூன்று நாள் பயணம். முதல் நாள் தாமிரபரணி ஆற்றை எதிர்த்துப் பாபநாசம் வரை, இரண்டாம் நாள் மலையடிவாரத்தை ஒட்டிக் கடையம் வழியாகத் தென்காசி, மூன்றாம் நாள் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு. பின்கேரியரில் இரண்டு பை. ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் பம்ப், இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி.

கியர் சைக்கிள் ஓட்டப் பழகியது புனேயில். வீட்டுக்காரருக்கு அங்கே வேலை, எட்டு வருஷம் இருந்தோம். அங்கே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு சேர்ந்து சிங்கட் கோட்டைக்கும், வாய் என்ற ஊரிலிருந்து பஞ்சகனி ஏறுகிற பசரணி மலைப்பாதைக்கும் போயிருக்கிறேன். அதெல்லாம் எரிமலை தந்த பூமி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தரை வெடித்து, வெடிப்பு வழியாகக் குழம்பு பொங்கிப் பரவி இறுகி, அதன் மேல் அடுத்தது பரவி இறுகி, இப்படியே அடுக்கடுக்காகக் குவிந்தது. தோசைக்கு மேல் தோசை வைத்த மாதிரி. மலையின் பக்கவாட்டில் அந்த அடுக்குகள் கோடு போட்டது போலத் தெரியும். உச்சியைப் பார்த்தால் கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டை. பசரணியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாலே இன்றைக்கு எவ்வளவு மூச்சு வாங்கும் என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்து மலைத்தொடரும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான், ஆனால் கல் வேறு, வயசு வேறு, வடிவம் வேறு. ஊருக்குத் திரும்பி வந்து இங்கே ஓட்ட ஆரம்பித்தபோது முதல் மாதம் எனக்குச் சப்பென்று இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் சமதரை போலத்தான் தோன்றும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. அது பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பிடிபட்டதற்குக் காரணம் அப்பா.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். கன்னடியன் கால்வாயில் ஒரு பகுதி அவர் பொறுப்பு. மதகைத் திறப்பது, அடைப்பது, கரை உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, ராத்திரியில் யாராவது மடையைத் திறந்துவிட்டார்களா என்று பார்ப்பது. டைனமோ லைட் வைத்த பெரிய கறுப்பு சைக்கிளில் கரை மேலேயே போவார், கரை மேலேயே வருவார். லீவு நாளில் பார் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு போவார். தண்ணீர் வருகிற திசையை நோக்கிப் போகும்போது "ஏறுதோம்" என்பார். திரும்பும்போது "இறங்குதோம்" என்பார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்பா வாய்ப்பழக்கமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை. இருட்டிலேயே போய்விட்டன. மேலச்செவல் பக்கம் கிழக்கு வெளுத்தது. வலது பக்கம் வயக்காடு, கார் நடவு முடிந்து நாற்று வேர் பிடித்து நின்றது. எங்கள் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூனில் அணை திறந்தால் கார், ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது என்பது நாற்றின் நிறத்திலேயே தெரிந்தது.

பத்தமடையில் டீ. கடைக்கு எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா கோரையை வகிர்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டை விரல் நகத்தால் தொட்டு, கத்தியை நுழைத்து, இழுத்த இழுப்பில் இரண்டாக்கி, அதை மறுபடியும் இரண்டாக்கினார். நல்ல பட்டுப்பாய்க்கு நூல் மாதிரி வகிர வேண்டும். இந்தக் கோரையும் ஆற்றங்கரையில் வளர்வது, ஆற்றுத் தண்ணீரிலேயே ஊறுவது. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கம்மா தனியா போறிய?" என்றார். பாபநாசம் என்றேன். "ஒத்தையிலயா? அகத்தியர் தொணை இருப்பார், போயிட்டு வாங்க" என்றார்.

சேரன்மாதேவியும் காருகுறிச்சியும் கடந்தபோது மணி ஏழு. காருகுறிச்சியில் சூளைப் பக்கம் பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாகஸ்வரம் அருணாசலத்தின் ஊர் என்பதால் அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே எனக்கு ஒரு நிமிஷம் காலை ஊன்றி நிற்கத் தோன்றும். நின்றேன்.

வீரவநல்லூர் தாண்டியதும் மெயின் ரோட்டை விட்டுக் கால்வாய்க் கரைக்கு ஏறினேன். இங்கேதான் நான் சொல்ல வந்ததே ஆரம்பிக்கிறது.

கரை மேல் மண்பாதை. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ஆளுயரம் தாழ்வாக வயல். கால்வாயில் தண்ணீர் கலங்கலாக, கரைக்கு ஒரு சாண் கீழே, சத்தமில்லாமல் எனக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. வேகம் என்று சொல்ல முடியாது. ஒரு வேப்பிலைக் கொத்து மிதந்து வந்தது. நான் மிதிப்பதை நிறுத்திக் காலை ஊன்றி அதையே பார்த்தேன். என்னைக் கடந்து, பின்னால் மதகு வரைக்கும் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மடைக்குள் போகாமல் நேரே போய்விட்டது. அப்பா கால்வாயில் தண்ணீர் வேகம் பார்ப்பது இப்படித்தான். இலையைப் போட்டுவிட்டு இத்தனை எட்டு நடப்பார்.

தண்ணீர் நகர்கிறது என்றால் தரை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். போனில் பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் ஏறியிருக்கிறேன். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். காலுக்கு ஒரு இடத்திலும் தெரியவில்லை. அப்பா "ஏறுதோம்" என்று சொன்னது நிஜமாகவே ஏற்றம்தான். மலைநாட்டில் ஏற்றத்தை மலை காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஏற்றத்தைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸிலும் காரிலும் போகிறவர்களுக்கு இது ஒருகாலும் தெரியாது. நடந்து போனால்கூடத் தெரியுமா என்பது சந்தேகம். கால்வாய்க் கரையில் சைக்கிளில் போனால் தெரியும்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. மேலிருந்து கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அப்பா இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் ஆற்றைக் குறுக்கே கொஞ்சம் தடுத்து, ஒரு கால்வாயைப் பக்கத்தில் பிரித்து, ஆறு இறங்குவதை விட மெதுவாக அந்தக் கால்வாயை இறக்கிக் கொண்டுபோகிறார்கள். அதனால் போகப் போகக் கால்வாய் ஆற்றை விட மேட்டில் இருக்கும். மேட்டில் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வயலுக்கெல்லாம் தானாகப் பாயும். வழியில் குளம், குளம் நிரம்பினால் மறுகால், மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டு, மற்றதெல்லாம் அதற்கு முந்தியவை. இன்றைக்கு இருக்கிற மட்டம் பார்க்கும் கருவிகள் இல்லாத காலத்தில் கண்ணுக்குத் தெரியாத சாய்வை இவ்வளவு தூரம் பிசகாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். இந்தக் கரையில் நிற்கும்போது நான் நடத்துகிற சாய்வுப் பாடம் எனக்கே சின்னதாகத் தெரிகிறது.

எப்படி வெட்டினார்கள் என்பதற்கு அப்பா ஒரு கதை சொல்வார். ஊரில் எல்லோரும் சொல்கிற கதைதான். கன்னடத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்கு அகத்தியர் சொன்னாராம்: ஒரு பசு முன்னால் போகும், அது போகிற வழியே கால்வாய் வெட்டு, அது கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு. சின்ன வயசில் அற்புதமாகக் கேட்டேன். இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. மேய்கிற மாடு செங்குத்தாக ஏறாது, இறங்காது, மட்டமான வழியாகப் பார்த்து வளைந்து வளைந்து போகும். கதை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

கரையில் வருத்தப்படவும் இருக்கிறது. அப்பா காலத்தில் மண்வெட்டியால் செதுக்கி வைத்திருந்த கரையில் இப்போது சீமை உடை, அதாவது சீமைக் கருவேலம், அடர்ந்து கிடக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் வருகிற இடமெல்லாம் கோழிக்கழிவு மூட்டையும் பிளாஸ்டிக்கும். குடிக்கிற தண்ணீருக்குள் இதைப் போட எப்படி மனசு வருகிறது? இரண்டு இடத்தில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயும் வாசல்களைத் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி அம்பாசமுத்திரம். அதற்குள் காற்று முழுசாக எழும்பிவிட்டது. கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிகச் சின்னக் கியரில், தலையைக் குனிந்து, ரோட்டை மட்டும் பார்த்து மிதித்தேன். விக்கிரமசிங்கபுரத்தில் சித்தி மகள் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தயார். சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரைக்கும் தூங்கினேன்.

சாயங்காலம் பாபநாசம் கோயில் படித்துறை. படியில் உட்கார்ந்தால் மீன்கள் காலைக் கொத்தும். ஆற்றின் நடுவே கிடக்கும் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்ட பாறை நீலம் பாரித்த சாம்பல் நிறம், எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரு மினுக்கு. தென்னாட்டு மலைகளில் பரவலாகக் கிடக்கும் இந்த வகைக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருக்கும் கல் இந்த வகை, அதனால் வந்த பெயர். பூமிக்கு வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய கல். 50 கோடி ஆண்டுக்கும் முந்தையது. புனேயில் நான் ஏறிய மலைகள் இதற்கு முன்னால் குழந்தைகள். அங்கே குழம்பு மேலே வந்து இறுகியது. இங்கே ஆழத்தில் கிடந்தது, மேலே மூடியிருந்ததெல்லாம் கரைந்து போனதால் வெளியே வந்து நிற்கிறது. அதனால்தான் நம் மலைக்குத் தட்டையான தலை இல்லை, யானை முதுகு மாதிரி உருண்டை. தண்ணீரும் காற்றும் தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்தது. பொதிகையின் உச்சி 1,868 மீட்டர் என்கிறார்கள். அன்றைக்கு உச்சி தெரியவில்லை, மேகம் இறங்கி நின்றது.

சோதனைச் சாவடிக்கு மேலே புலிகள் காப்பகம். சைக்கிளோடு அதற்குள் போக நான் கேட்கவும் இல்லை, போகவும் ஆசைப்படவில்லை. அங்கே இருக்கிற உயிர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

மறுநாள் ஆழ்வார்குறிச்சி வழியாகக் கடையம். இந்த வழியில் மலை இடது கைப்பக்கம் கூடவே வரும். மலையிலிருந்து இறங்குகிற ஓடைகளையும் கடனாநதியையும் ராமநதியையும் ரோடு ஒவ்வொன்றாகக் குறுக்கே கடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இறக்கம், பாலம், ஒரு சின்ன ஏற்றம். அதுவரை ஒளிந்திருந்த ஏற்றம் இங்கே கொஞ்சம் முகம் காட்டும். சாரல் விட்டு விட்டு அடித்தது. வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில்.

கடையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. என் டியூபை மாற்றிப் போட்டேன், பத்து நிமிஷத்தில் அதுவும் இறங்கியது. தள்ளிக்கொண்டு போய் ஊர் முகப்பில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். பெரியவர், வயசு எழுபது இருக்கும். "ரெண்டு டியூபும் போச்சா? அப்ப முள்ளு டயருக்குள்ள இருக்கு" என்றார். டியூபைத் தொடவே இல்லை. டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, உள்பக்கம் விரல் நுனிகளை வைத்து மெதுவாக ஒரு சுற்று. நடுவில் நின்றது விரல். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஊசி முனை அளவு உடைமுள் ஒடிந்து டயர் ரப்பருக்குள்ளேயே தங்கியிருந்தது, காற்று அடித்து அழுத்தம் ஏறும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். குறட்டால் இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகுதான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழ் வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, ஒட்டை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. "ஒடனே ஒட்டுனா நிக்காது தாயி. காயணும்."

அண்ணாச்சிக்கு அவசரமே இல்லை. காய்கிற நேரத்தில் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "கன்னடியன் லஸ்கர் மகளா! அப்ப சைக்கிள் ஒங்களுக்குப் புதுசு இல்ல" என்றார். இருபது ரூபாய் கூடக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. பாரதியார் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு 1918 முதல் 1920 வரை இருந்த ஊர் இது, செல்லம்மாள் பிறந்த ஊர். மலையைப் பார்த்த அந்தத் தெருவில் இரண்டு தடவை போய்வந்தேன்.

மத்தளம்பாறை தாண்டியதும் காற்று அடிக்கிற தோரணையே மாறிவிட்டது. மலைத்தொடர் செங்கோட்டைப் பக்கம் தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது, ஆரியங்காவுக் கணவாய். கேரளத்து மழைக்காற்று அந்த வாசல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நின்றால் சேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்தில் மெயினருவி பக்கம் கூட்டம் தாங்காமல் ரம்புட்டான் அரை கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாளைப் பற்றி எழுத அவ்வளவாக இல்லை. காற்று பின்னால் இருந்தது, தரையும் இறக்கம். மிதிக்காமலே வந்தேன் என்று சொல்லலாம். சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் போனேன். சூரியகாந்தி பூத்து நிற்கிற காலம். முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். கிழக்கே போகிற எனக்கு எல்லாம் முதுகுதான் தெரிந்தது, நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் வயல் முழுக்க மஞ்சள். அதற்குப் பின்னால் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மலை. பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வழியாக நாலுவழிச் சாலை. இந்த ரோட்டில் முன்பு இரண்டு பக்கமும் மரம் கூடாரம் போட்டிருக்கும். அகலப்படுத்தியபோது அவை போய்விட்டன. பத்து மணி வெயிலில் தார் மட்டும்.

அபிஷேகப்பட்டி வந்ததும் நின்று தண்ணீர் குடித்தேன். 1998-ல் இந்த ஊர்ப்பக்கம் தரையிலிருந்து பாறை உருகி வெளியே வந்தது என்று பெரிய பேச்சு. எரிமலைக் குழம்பு என்று ஒரு சாரார், மின்கசிவில் உருகியது என்று இன்னொரு சாரார். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "தார் டின்னு கவுந்த மாதிரி இருக்கு. கூட்டம் பெருசு" என்று சொல்லிவிட்டு மதகுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் திறக்கிற நாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தாள். குற்றாலம் எப்படி, மழை உண்டா, சித்தி மகள் சௌக்கியமா, எதையும் கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை சைக்கிள் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கன்னடியன்ல தண்ணி எவ்வளவு போகுது?"

"கரைக்கு ஒரு சாண் கம்மி ம்மா."

"வீரநல்லூர் தாண்டியா, முன்னயா?"

"தாண்டி."

"அப்ப கடைமடைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.